ஒன்றரை விரல் திறக்கும் வாய்

1.

இந்தக் கதையை நான் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டேன். ஆச்சரியத்தால் அல்ல. கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் நடந்துகொண்டிருந்தது. வாய்க்குள் உறிஞ்சு குழாய் ஒன்று, பஞ்சு உருண்டைகள் இரண்டு, டாக்டரின் விரல்கள் நான்கோ ஐந்தோ. மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணுக்கு நேராக விளக்கைப் போட்டுவிட்டு, பல் டாக்டரம்மா கதை சொல்ல ஆரம்பித்தார்.

கதை சொல்கிறவருக்கு என்னைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டான். குறுக்கே பேச முடியாது. 'அப்புறம்?' என்றுகூடக் கேட்க முடியாது. டாக்டர் ஊசிமுனைக் கருவியைத் தேடும்போது கதை நிற்கும், கருவி கிடைத்ததும் வேறெங்கோ தொடங்கும். நடுவில் விட்டுப்போனதைக் கேட்க எனக்கு நாக்கு இல்லை.

அதனால் ஓட்டைகள் நிறைய. நானாக இட்டு நிரப்பிய இடங்களை அடைப்புக்குறிக்குள் போட்டு நேர்மையாக இருக்கலாம் என்று நினைத்தேன். போட்டுப் பார்த்தால் பாதிக் கதை அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எடுத்துவிட்டேன். நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

டாக்டர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. நோயாளியின் பெயரைச் சொல்லக்கூடாதாம். "அந்த அக்கா" என்றுதான் சொன்னார். எனக்கும் அவள் அக்காதான்.

2.

சுட்டுவிரலைக் காதுத் துளைக்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். வாயைத் திறந்து மூடுங்கள். (யாரும் பார்க்கவில்லை, செய்யுங்கள்.) விரலுக்கு அடியில் ஒன்று நழுவிப்போய்த் திரும்பி வருகிறதல்லவா, அதுதான் தாடை மூட்டு. மண்டை எலும்புக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. எலும்பு இல்லை, மெத்தென்ற ஒன்று. தாடை போகும் இடமெல்லாம் கூடவே போய், கூடவே திரும்பி வரும்.

சிலருக்கு அந்தத் தட்டு முன்பக்கம் நழுவிவிடும். கதவுக்கு அடியில் கால்மிதி சுருண்டு கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். கதவைத் தள்ளும்போது அது ஏறி இறங்கி 'டக்' என்று ஒரு சத்தம். வாய் திறக்கும், ஆனால் டக். சாப்பிட்டால் டக், கொட்டாவி விட்டால் டக்.

டாக்டர் இதைப் பற்றி ஓர் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார். பல்லுக்காக வருகிறவர்களை எல்லாம் காதுக்கு முன்னால் அழுத்திப் பார்த்து, கேள்வி கேட்கிறார். தூக்கத்தில் பல்லை நறநறக்கிறீர்களா? ஒரே பக்கமாக மெல்லுகிறீர்களா? கடைவாய்ப் பல் பிடுங்கியதுண்டா? தாடையில் அடிபட்டதுண்டா? மனக்கவலை? பெண்களுக்கு இது அதிகம் வருகிறதாம். ஏன் என்று கேட்க நான் புருவத்தை உயர்த்தினேன். "ஏன்னு தெரிஞ்சா நான் ஏன் சார் ஆய்வு பண்றேன்," என்றார்.

இந்த ஆய்வுக்காரர்கள் மேல் எனக்கு ஒரு பொறாமை. அவர்கள் 'காரணம்' என்று சொல்வதில்லை. 'தொடர்புடைய காரணிகள்' என்கிறார்கள். இதுவும் இருந்தது, அதுவும் இருந்தது, இரண்டும் அக்கம்பக்கத்தில் இருந்தன, அவ்வளவுதான். கதை எழுதுகிறவன் அப்படித் தப்பிக்க முடியாது. ராஜா செத்தான், ராணி அழுதாள் என்று எழுதினால், அவள் ராஜாவுக்காகத்தான் அழுதாளா என்று வாசகர் சட்டையைப் பிடிப்பார்.

3.

தொடக்கம் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அப்படியே வைக்கிறேன்.

'வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா தன் தாடையை—'

(மழைக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்? எழுத வராதபோது மழையைக் கூப்பிடுவது என் பழக்கம். கூப்பிட்டதும் வந்துவிடும், பாவம்.)

'காதுக்கு ஒரு விரற்கடை முன்னால் மனிதத் துயரம் தொடங்குகிறது.'

(எனக்கே கூசியது.)

'அக்கா துணிக்கடைத் தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு ஆல்டரேஷன் கடையில் வேலை செய்கிறாள். பேன்ட்டின் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது.'

இதில் அழகு ஒன்றுமில்லை. ஆனால் அவள் இதில் உட்கார்ந்திருக்கிறாள். இதையே வைத்துக்கொள்கிறேன்.

4.

தையல்காரர்களுக்கு மூன்றாவது கை வாய். குண்டூசிகளைப் பல்லிடுக்கில் வரிசையாகக் கவ்விக்கொண்டு, முட்டிபோட்டு, வாடிக்கையாளரின் பேன்ட் விளிம்பை மடித்து ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவாள் அக்கா. நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். கத்திரி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், ஆனால் பல் அதைவிடப் பக்கம்.

அவள் சாப்பிட உட்கார்ந்தால் மெஷின் சத்தத்தையும் மீறி டக், டக் என்று கேட்கும். "ஓவர்லாக் மெஷின் ரிப்பேரா, இல்ல அக்கா சாப்பிடறாங்களா?" என்று பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பெண் கேட்பாள். கடையில் அவளுக்கு 'டக்கக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள். வலியில்லாத வியாதியைப் பற்றிச் சிரிக்கலாம்தானே.

வலி வந்தபோதுதான் டாக்டரிடம் வந்தாள். டாக்டர் வாயைப் பார்த்தார், முன்பல் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. எத்தனையோ வருடத்து நூல் அறுத்த தடம் அது.

"தையல் வேலையா?"

அக்கா அசந்துபோனாள். "எப்படி டாக்டர் கண்டுபிடிச்சீங்க?"

டாக்டருக்கு அன்று முழுக்கப் பெருமை. (இதை அவரேதான் சொன்னார். மனுஷி நல்லவர்.) நூலைக் கடிக்காதீங்க, ஊசியைக் கவ்வாதீங்க என்று சொல்லி அனுப்பினார். ராத்திரி பல் கடிப்பீங்களா என்றும் கேட்டிருக்கிறார்.

"ராத்திரி என்ன டாக்டர், பகல்லயே பல்லைக் கடிச்சுக்கிட்டுதானே ஓட்டிட்டிருக்கேன்."

அக்கா நூல் கடிப்பதை விட்டாள். கத்திரியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டாள். ஊசிகளுக்கு மணிக்கட்டில் ஒரு பஞ்சுப் பட்டை. சொன்ன பேச்சு அத்தனையும் கேட்டாள். டக் மட்டும் நிற்கவில்லை.

5.

இந்த இடத்தில் முதல் பிரதியில் ஒரு புருஷன் வந்தான். குடித்துவிட்டு வருவான், கன்னத்தில் அறைவான். 'தாடையில் அடிபட்டதுண்டா?' என்ற கேள்விக்கு அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். நானும் உருக்கமாக ஒரு பக்கம் எழுதினேன்.

அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். உலகத்தில் அப்படிப்பட்ட புருஷர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த அக்காவின் கணவர் கூரியர் வண்டி ஓட்டுகிறவர், அவளைத் திட்டக்கூடத் தெரியாதவர். டாக்டரிடம் அவளோடு வரும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, 'உள்ளே வரலாமா' என்று கேட்டுவிட்டுத்தான் வருவாராம். எனக்கு வில்லன் தேவைப்படுகிறான் என்பதற்காக ஒரு நல்ல மனுஷனைக் குடிகாரன் ஆக்கினால், அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

வில்லன் இல்லாமலே இந்தக் கதையில் போதுமான கஷ்டம் இருக்கிறது.

6.

ஒருநாள் காலையில் டக் சத்தம் நின்றுபோனது.

அக்கா வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். சத்தமே இல்லை. கடையில் எல்லோரும் காதைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். "இனிமே அக்காவை என்னன்னு கூப்பிடறது?" என்று காஜா பெண் கவலைப்பட்டாள். அக்கா கிளினிக்குக்கு போன் போட்டு, "சரியாப்போச்சும்மா, அடுத்த தேதி வேணாம். டாக்டருக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிடுங்க," என்றாள். நர்ஸும் சந்தோஷமாகத் தேதியை அடித்துவிட்டாள்.

நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள் இல்லையா? படுத்திருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சத்தம் வந்தவரைக்கும் கதவு கால்மிதி மேல் ஏறி இறங்கியது. இப்போது கால்மிதி நன்றாகச் சுருண்டு அடியில் மாட்டிக்கொண்டுவிட்டது. இனி ஏறாது. ஏறாததால்தான் சத்தமில்லை. அன்று சாயங்காலம் அக்கா கொட்டாவி விடப் போனாள், வாய் பாதியில் நின்றுவிட்டது.

நல்ல தாடை என்றால், நம் விரல்கள் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் நுழைக்கலாம். அக்காவுக்கு ஒன்றரை விரல்தான் நுழைந்தது.

7.

இனிமேல்தான் தம்பி வருகிறான். இவ்வளவு நேரம் அவனை ஏன் உள்ளே விடவில்லை என்று கேட்டால், டாக்டருக்கும் அவனைப் பற்றி இதுவரை தெரியாது. அவருடைய கேள்விகளில் தம்பிக்கு இடம் இல்லை.

தம்பி ஜன்னல் மாட்டும் வேலை செய்தவன், அலுமினியச் சட்டமும் கண்ணாடியும். தலையில் அடிபட்டுவிட்டது. எப்படி என்று டாக்டர் சொன்னது காதில் விழவில்லை, அப்போது துளையிடும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் என்று எழுதினேன், பிறகு ஏணி என்று மாற்றினேன். ஏணியே இருக்கட்டும்.*

(* ஏணி என்றால் யார் பிடித்துக்கொண்டிருந்தது என்ற கேள்வி வரும். யாரும் பிடிக்கவில்லை. அதைத் துருவ வேண்டாம்.)

உயிர் தப்பியது. கை கால் அசைகிறது. உட்காரவைத்தால் உட்காருவான், நடத்தினால் நடப்பான். ஆனால் தானாக எதையும் தொடங்கமாட்டான். பசித்தால் கேட்கமாட்டான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். கண் திறந்திருக்கும், எதிலும் நிற்காது. ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்தால் ஜன்னலைக்கூடப் பார்க்கமாட்டான், அத்தனை ஜன்னல் மாட்டியவன்.

ஒரே ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அக்கா கரண்டியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, "ஆ காட்டுடா" என்று தன் வாயைத் திறந்தால், அவன் கண் வந்து அவள் முகத்தில் நிற்கும். அவள் வாயைப் பார்ப்பான். அப்புறம் அவனும் திறப்பான்.

மற்றவர்கள் ஆ காட்டினால் திறக்கமாட்டான். அக்காவின் கணவர் காட்டினார், ஆஸ்பத்திரி நர்ஸ் காட்டினாள், ஒருவர் கிலுகிலுப்பைகூட ஆட்டிப் பார்த்தார். அக்காவுக்குத்தான் திறப்பான். சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போய்விடுவாளாம், அக்காதான் அவனுக்கு ஊட்டுவாளாம். (இது நான் சேர்த்தது. வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.)

8.

(எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா அழும் காட்சி. அவள் அழுததாக யாரும் சொல்லவில்லை, எனக்குத்தான் தேவைப்பட்டது.)

9.

வாய் பூட்டிக்கொண்ட பிறகு அக்கா கிளினிக்குக்கு ஓடி வந்தாள்.

"எப்படியாச்சும் திறந்துவிடுங்க டாக்டர். தம்பி சாப்பிடமாட்டேங்கறான்."

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாய் பூட்டிக்கொண்டது இவளுக்கு, சாப்பிடாதது தம்பியா? கேட்டுத் தெரிந்துகொண்டதும், "எப்படி ஊட்டுவீங்க, செஞ்சு காட்டுங்க," என்றார்.

நர்ஸைத் தம்பியாக உட்காரவைத்தார்கள். வாய் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கரண்டியாகப் பிடித்துக்கொண்டாள் அக்கா. "ஆ காட்டுடா," என்றபடி அவள் தன் வாயைத் திறக்க முயன்றாள். மேலும் திறக்க, இன்னும் திறக்க. தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது, கழுத்து நரம்பு புடைத்தது. கரண்டி நர்ஸ் வாய்க்குள் போய்த் திரும்பும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பி மெல்லுவதற்காகத் தானும் வெறும் வாயை மென்றாள். அவன் விழுங்குவதற்காகத் தானும் விழுங்கினாள்.

"ஒரு வேளைக்கு எத்தனை தடவை இப்படி?"

"யாரு டாக்டர் எண்ணினா? தட்டு காலியாகற வரைக்கும்."

நூலையும் ஊசியையும் கண்டுபிடித்துப் பெருமைப்பட்ட டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது," என்றார். "ஆனா இதை நிறுத்தணும். வாயை அகலத் திறக்கவே கூடாது. மெத்துனு இருக்கறதா சாப்பிடுங்க, வெந்நீர் ஒத்தடம் குடுங்க, தூங்கும்போது பல்லு மேல போட்டுக்க ஒரு பிளேட் செஞ்சு தரேன்."

"அவனுக்கு யாரு டாக்டர் ஆ காட்டுவா?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலை அக்காவின் கடைவாயில் வைத்து, தாடையைக் கீழே அழுத்தி முன்னால் இழுத்தார். கொஞ்ச நேரத்தில் மூட்டுத் தட்டு இடத்துக்கு வந்தது, வாய் திறந்தது. அக்கா அப்படியே வீட்டுக்கு ஓடினாள். அன்றைக்கு அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான். மறுநாள் விடிந்தபோது வாய் மறுபடியும் பூட்டியிருந்தது.

"தினமும் வரேன் டாக்டர். தினமும் இதே மாதிரி இழுத்து விட்டுடுங்க."

"எலும்பு தேஞ்சிடும்மா."

"தேஞ்சா தேயட்டும். என் எலும்புதானே."

10.

வீட்டில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கணவரின் செல்போனில் பழைய வீடியோ ஒன்று கிடைத்தது. ஏதோ சொந்தக்காரர் வீட்டில் அக்கா வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். அதைத் தம்பி முகத்துக்கு நேரே பிடித்தார்கள். அவன் பார்த்தான், திறக்கவும் திறந்தான். ஆனால் வீடியோ முடியும் வரை திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, ஊட்டியது எல்லாம் உதட்டோரமாக வழிந்து சட்டையில் விழுந்தது. போனில் இருந்த அக்கா சிரித்தாளே தவிர, மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"வீம்பு புடிக்கறான்டி. வாயைச் சரியா திறக்காம உக்காந்திருக்கான் பாரு," என்றார் கணவர். அவருக்கும் தாங்கவில்லை. மச்சான் நாளுக்கு நாள் மெலிவதைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டப்போவது சுலபமா?

அக்காவும் வீம்பு என்றுதான் நினைத்தாள். ஒருநாள் மதியம் பொறுமை போய், கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு, தன் விரல்களை அவன் பல்லுக்கு நடுவில் விட்டுப் பார்த்தாள். துணி அளக்கிற கை. டாக்டர் அவள் வாயில் வைத்துப் பார்த்த அதே மாதிரி.

ஒன்றரை விரல்.

அவன் வாயை மூடிக்கொள்ளவில்லை. அக்கா எவ்வளவு திறந்தாளோ அவ்வளவு திறந்துதான் இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்தான். அதில் அந்தக் கரண்டி நுழையவில்லை, அவ்வளவுதான். சொன்னதைச் சொன்னபடி செய்த பிள்ளையை வீம்புக்காரன் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எழுந்துபோய் மருந்து ஊற்றிக் கொடுக்கும் குட்டிக் கரண்டியை எடுத்து வந்தாள்.

(நான் கெட்டிக்காரனாக இருந்தால் கதையை இங்கே முடித்திருப்பேன். குட்டிக் கரண்டி உள்ளே போகிறது, தம்பி விழுங்குகிறான், அக்கா கண் கலங்குகிறாள், முற்றும். நீங்களும் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் டாக்டர் இன்னொரு பஞ்சை எடுத்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.)

11.

குட்டிக் கரண்டியில் ஊட்டினால் ஒரு வேளைச் சாப்பாடு அடுத்த வேளையைப் போய்த் தொடுகிறது. தடவைகள் பல மடங்கு ஆகிவிட்டன. ஒன்றரை விரல் திறப்பதும் அக்காவுக்கு இப்போது வலிக்கிறது. காதுக்குள் குத்துகிறது, நெற்றிப்பொட்டுவரை இழுக்கிறது. வலித்தால் முகம் சும்மா இருக்குமா? புருவம் நெரியும், கண் சுருங்கும்.

அவன் அதையும் செய்தான்.

அக்கா புருவத்தை நெரித்தால் அவனும் நெரித்தான். அவள் கண்ணைச் சுருக்கினால் அவனும் சுருக்கினான். அவன் தாடையில் ஒரு கோளாறும் கிடையாது. ஆனால் அவன் முகத்தில் அக்காவின் வலி அப்படியே வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு கரண்டிக்கும் எதிரே அது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதனால் அக்கா சிரித்துக்கொண்டே ஊட்டப் பழகிக்கொண்டாள். உள்ளே உயிர் போகும், வெளியே சிரிப்பு. அப்போது அவனும் சிரித்தான். அடிபட்டதற்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. கணவர் அதைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தாராம்.

இதைக் கேட்டபோது எனக்குக் கண்ணீர் வந்தது. மல்லாக்கப் படுத்து அழுதிருக்கிறீர்களா? கண்ணீர் கன்னத்தில் வராது, நேராகக் காதுக்குள் போகும். டாக்டர் பார்த்துவிட்டு, "வலிக்குதா சார்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இன்னொரு ஊசி போட்டார். உதடு, நாக்கு, கன்னம் எல்லாம் மரத்துப்போயின.

12.

முடிவுகளுக்கு வருவோம். மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் டாக்டர் அறுவை சிகிச்சைக்கு அனுப்புகிறார், தட்டு இடத்துக்கு வந்துவிடுகிறது, அக்கா வாயை மூன்று விரலுக்குத் திறந்து 'ஆ' என்கிறாள். டாக்டருக்குப் போன் போட்டு இது நடக்குமா என்று கேட்டேன். "வாய் ஓரளவு திறக்கலாம் சார். ஆனா அதுக்கப்புறமும் அதே மாதிரி ஊட்டினா அதே கதைதான்," என்றார். கதை என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

இரண்டாவதில் தம்பி ஒருநாள் தானாகவே வாயைத் திறக்கிறான். யாரும் காட்டாமலே. இதை எழுதி முடித்துவிட்டு அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் படித்துப் பார்த்தபோது, அது அவனுக்காக எழுதியதல்ல, நான் தூங்குவதற்காக எழுதியது என்று தெரிந்தது.

மூன்றாவது, ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லும் முடிவு. அவன் எடை குறைந்துகொண்டே போகிறது. இப்படியே விட்டால் நோய் தொற்றினால் தாங்கமாட்டான். வயிற்றில் ஒரு சின்னத் துளை போட்டு, குழாய் வழியாக நேராகச் சாப்பாட்டை உள்ளே அனுப்பலாம். கெட்ட யோசனை இல்லை. எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். பல் டாக்டருக்கும் அதுதான் சரி என்று பட்டது. இரண்டு வாய்க்கும் ஓய்வு கிடைக்கும். 'குழாய் வைத்த அன்று அக்கா—'

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. அதற்குள் அக்கா டாக்டரிடம் கேட்ட கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

13.

போன வாரம் அக்கா பிளேட்டைச் சரிசெய்ய வந்தபோது டாக்டர் எடுத்துச் சொன்னார். குழாய்க்குச் சம்மதம் குடுத்துடும்மா, உனக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கழுத்துக் கயிற்றில் தொங்கிய கத்திரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வாயை அதிகம் அசைக்காமல், பல்லிடுக்கு வழியாகத்தான் இப்போது அவள் பேசுகிறாள்.

"எனக்கும் புரியுது டாக்டர். குழாய் வெச்சா அவன் வயிறு நிறையும், என் வாய் நோவும் தீரும். எல்லாம் சரி. ஆனா நாள் பூரா அவன் கண்ணு எங்கயும் நிக்காது. ஆ காட்டும்போது மட்டும்தான் என் மூஞ்சியில வந்து நிக்கும். நான் அக்கான்னு அவனுக்கு ஞாபகம் இருக்கறதே அந்த நேரத்துலதான். குழாய் வெச்சப்புறம் அவன் எதுக்கு டாக்டர் என்னைப் பாக்கணும்?"

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். "அடுத்த புதன்கிழமை வாம்மா, பேசலாம்," என்று அனுப்பிவிட்டார்.

இதைச் சொல்லி முடித்தபோது என் பல்லிலும் வேலை முடிந்திருந்தது. டாக்டர் பஞ்சுகளை எடுத்தார், குழாயை எடுத்தார், நாற்காலியை நிமிர்த்தினார், முகமூடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க கதையெல்லாம் எழுதறவருதானே. நான் அந்த அக்காகிட்ட என்ன சொல்லணும், சொல்லுங்க."

அவர் பொழுதுபோக்குக்காகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் தேடித்தான் சொல்லியிருக்கிறார். வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாரோ என்னவோ. நான் வாயைத் திறந்தேன். நாக்கு மரத்திருந்தது. கன்னத்தைக் காட்டி, பேச முடியவில்லை என்று சைகை செய்தேன். அவரும் சரி என்று தலையாட்டினார்.

மரப்பு அன்று சாயங்காலமே போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே போனால் கடைசியில் எங்காவது தட்டுப்படும் என்று பார்த்தேன். இதோ கடைசிக்கு வந்துவிட்டேன், கை காலிதான்.

இன்றைக்குத் திங்கள்கிழமை. அக்கா நாளை மறுநாள் வருவாள், அதே நாற்காலியில் உட்காருவாள், முடிந்த அளவுக்கு வாயைத் திறப்பாள். டாக்டர் அவளிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள். அழகான வாக்கியமாக இருக்கவேண்டியதில்லை. அவள் வீட்டுக்குப் போய் அவன் எதிரில் உட்காரும்போது கூட இருக்கிற மாதிரி ஒரு வார்த்தை இருந்தால் போதும்.